குறைப்பார்வையுள்ள தங்கைக்கு பி.காம். சீட்: கட்டணத்துக்கு எந்த உதவித்தொகையை நம்பலாம்?

உசிலை முத்து:

எல்லோருக்கும் வணக்கம். என் தங்கை இந்த வருடம் பிளஸ் டூ முடித்திருக்கிறாள், 600க்கு 471. ஆறாவதிலிருந்து அரசுப் பள்ளிதான். பிறவியிலேயே குறைப்பார்வை. யு.டி.ஐ.டி. என்ற மாற்றுத்திறனாளி அடையாள அட்டையில் குறைபாடு 70 சதவீதம் என்று போட்டிருக்கிறார்கள். கரும்பலகை தெரியாது. பெரிய எழுத்தாக இருந்தால் முகத்தோடு ஒட்டிப் பிடித்து வாசித்துவிடுவாள். பொதுத்தேர்வை ஸ்கிரைப் (சொல்லச் சொல்ல எழுதித் தருபவர்) வைத்துத்தான் எழுதினாள்.

மதுரையில் அரசு உதவி பெறும் கல்லூரி ஒன்றில் பி.காம். கேட்டுப் போனோம். எய்டட் சீட், அதாவது அரசு உதவி பெறும் பிரிவில் இடம், முடிந்துவிட்டது, சுயநிதிப் பிரிவில் பி.காம். சி.ஏ. (கம்ப்யூட்டர் அப்ளிகேஷன்ஸ்) இருக்கிறது, வேண்டுமானால் இந்த வாரமே பணம் கட்டிச் சேர்ந்துகொள்ளுங்கள் என்றார்கள். செமஸ்டருக்கு 18,000. அது போக பரீட்சைக் கட்டணம், புத்தகம், ஊரிலிருந்து தினமும் பஸ். அப்பாவுக்குக் கூலி வேலை, நான் திருப்பூரில் பனியன் கம்பெனியில் செக்கிங்கில் இருக்கிறேன். வருமானச் சான்றில் ஆண்டுக்கு 84,000 என்று இருக்கிறது.

மத்திய அரசு உதவித்தொகை, மாநில அரசு உதவித்தொகை, புதுமைப்பெண் என்று ஆளுக்கொன்று சொல்கிறார்கள். எல்லாவற்றுக்கும் சேர்த்துப் போடலாமா? எது கட்டாயம் வரும்? தெரிந்தவர்கள் சொல்லுங்கள். கடன் வாங்கித்தான் கட்ட வேண்டும் என்றால் அதையும் இப்போதே முடிவு செய்ய வேண்டும்.

வெண்கோல்:

தம்பி, உதவித்தொகை அப்புறம். முதலில் சீட்டைப் பாருங்கள்.

எய்டட் சீட் முடிந்தது என்றார்களே, நீங்கள் எந்த வரிசையில் கேட்டீர்கள்? விண்ணப்பத்தில் மாற்றுத்திறனாளி என்ற கட்டத்தில் டிக் அடித்து யு.டி.ஐ.டி. நகல் வைத்தீர்களா, இல்லை பொது வரிசையில் போட்டுவிட்டு கவுன்டரில் வாய்வார்த்தையாகச் சொன்னீர்களா? 2016ஆம் ஆண்டு மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டத்தின் 32ஆம் பிரிவு, அரசுக் கல்லூரிகளும் அரசு உதவி பெறும் கல்லூரிகளும் 40 சதவீதத்துக்குக் குறையாத குறைபாடு உள்ளவர்களுக்கு 5 சதவீதத்துக்குக் குறையாமல் இடம் ஒதுக்க வேண்டும் என்கிறது. அந்த 5 சதவீதம் நிரம்பியதா என்பதுதான் கேள்வி. பொதுச் சீட் முடிந்த கதையை அவர்கள் உங்களுக்குச் சொல்ல வேண்டியதே இல்லை.

முதல்வர் பெயருக்கு ஒரு மனு எழுதுங்கள். பிரிவு எண்ணைக் குறிப்பிட்டு, எய்டட் பி.காம். பிரிவில் இந்த ஒதுக்கீட்டில் எத்தனை இடம், எத்தனை நிரம்பியது என்று கேளுங்கள். நகலில் அலுவலக முத்திரையும் தேதியும் வாங்காமல் வெளியே வராதீர்கள். பதில் வராவிட்டால் திங்கள்கிழமை கலெக்டர் அலுவலக மனு நாளில் அதே நகலோடு நில்லுங்கள். மாவட்ட மாற்றுத்திறனாளிகள் நல அலுவலரும் அங்கே இருப்பார்.

இவ்வளவு அழுத்திச் சொல்லக் காரணம் பணம்தான். நம் மாநிலத்தில் அரசு, எய்டட் பிரிவுகளில் மாற்றுத்திறனாளி மாணவர்களுக்குக் கல்விக் கட்டண விலக்கு உண்டு. சுயநிதிப் பிரிவுக்கு அது செல்லாது. ஒரே வளாகம், ஒரே கேன்டீன், ஆனால் ஒரு வகுப்பில் ஏறக்குறைய இலவசம், பக்கத்து வகுப்பில் வருடத்துக்கு 36,000. மூன்று வருடத்துக்கு ஒரு லட்சத்து எட்டாயிரம். எந்த உதவித்தொகையும் இந்த வித்தியாசத்தை உறுதியாக அடைத்துத் தராது.

இனி உங்கள் கேள்வி. மாநில அரசின் மாற்றுத்திறனாளிகள் நலத்துறை பட்டப்படிப்புக்கு ஆண்டுக்கு 12,000 ரூபாய் தருகிறது. பத்தாம் வகுப்புக்கு மேல் படிக்கும் மாற்றுத்திறனாளிகளுக்கான மத்திய அரசின் போஸ்ட் மெட்ரிக் உதவித்தொகை, தேசிய உதவித்தொகை தளம் என்ற இணையதளம் வழியாக வரும், பெற்றோர் வருமானம் இரண்டரை லட்சத்துக்குள் இருக்க வேண்டும். உங்களுக்குத் தடையில்லை. பி.காம். போன்ற படிப்புக்கு வீட்டிலிருந்து போய்வருகிறவர் என்றால் மாதம் 650, புத்தகத்துக்கு ஆண்டுக்கு 1,500, பார்வைக் குறைபாட்டுக்கான படி ஆண்டுக்கு 4,000. பத்து மாதக் கணக்கு போட்டால் அதுவும் 12,000தான் வருகிறது. அதோடு கல்விக் கட்டணத்தையும் உச்சவரம்புக்குள் திருப்பித் தருவார்கள். இரண்டையும் சேர்த்து வாங்க முடியாது. வேறு உதவித்தொகை வாங்கவில்லை என்று எழுதிக் கொடுக்க வேண்டும். இரண்டிலும் கையெழுத்துப் போட்டுவிட்டுப் பிறகு முழிக்க வேண்டாம்.

எய்டட் சீட் கிடைத்தால் திருப்பித் தரப் பெரிய கட்டணமே இருக்காது. அப்போது மாநில அரசுத் தொகைக்கே போடுங்கள். மத்திய அரசுத் திட்டத்தில் நாடு முழுவதற்கும் எண்ணிக்கை வரம்பு இருக்கிறது. தகுதி இருந்தும் பட்டியலில் இடம் இல்லாமல் போகலாம்.

உதவித்தொகை என்ற கணக்கில் வராமல் தனியாக வருவது வாசிப்பாளர் உதவித்தொகை, பாடத்தை வாசித்துக் காட்டுபவருக்குக் கொடுப்பதற்காக. பார்வைக் குறைபாடு உள்ளவர்களுக்கு மட்டும், பட்டப்படிப்புக்கு ஆண்டுக்கு 5,000. பாதிப் பேருக்கு இது இருப்பதே தெரியாது. புதுமைப்பெண் மாதம் 1,000 தனி. மற்ற உதவித்தொகை வாங்கினாலும் அதையும் வாங்கலாம். ஆறு முதல் பிளஸ் டூ வரை அரசுப் பள்ளி என்பதால் தங்கைக்குத் தடையில்லை. கூட்டிப் பாருங்கள்: 12,000, 5,000, 12,000. எய்டட் சீட் மட்டும் கிடைத்துவிட்டால் கடன் என்ற பேச்சே வேண்டாம். பஸ்ஸுக்கு, வீட்டிலிருந்து கல்லூரிக்கு இலவசப் பயண அட்டை அதே மாவட்ட அலுவலகத்தில் கேளுங்கள்.

எனக்கு முழுப் பார்வையின்மை. 2000களின் தொடக்கத்தில் எய்டட் கல்லூரியில் இங்கிலீஷ் லிட்டரேச்சர் படித்தேன். இப்போது பொதுத்துறை வங்கியில் இருக்கிறேன். வங்கிக் கவுன்டரில் இருப்பதால் இன்னொன்றும் சொல்கிறேன்: எந்தத் தொகையும் ஜூன் மாதம் கட்டணம் கட்டுவதற்கு வராது. முதல் வருடம் பணம் வராது என்று வைத்துக்கொண்டே செலவைத் திட்டமிடுங்கள்.

கோவை கார்த்தி:

வெண்கோல் அக்கா சொன்னதில் ஒன்றில் மட்டும் எனக்கு மாற்றுக் கருத்து. மத்திய அரசுத் திட்டத்தில் ஆண்டுக்கு ஒன்றரை லட்சம் வரை கல்விக் கட்டணத்தைத் திருப்பித் தருகிறார்கள். 36,000 அதற்குள் அடங்கிவிடுகிறது. அப்படியிருக்க, சுயநிதி பி.காம். சி.ஏ.வை ஏன் விட வேண்டும்? வேலைக்குப் போகும்போது கம்ப்யூட்டர் சேர்ந்த படிப்புக்குத்தான் மதிப்பு. சும்மா எய்டட் எய்டட் என்று வரலாற்றிலோ பொருளாதாரத்திலோ கொண்டுபோய்ச் சேர்த்துவிடுவார்கள்.

வெண்கோல்:

கார்த்தி, திருப்பித் தருவார்கள் என்ற சொல்லில்தான் சிக்கல். முதலில் நீங்கள் கட்ட வேண்டும். கூலி வேலை செய்கிறவர் 18,000 ரூபாயை வட்டிக்கு வாங்கிக் கட்டிவிட்டு, பட்டியலில் பெயர் வருமா என்று அடுத்த வருடம் வரை காத்திருக்க வேண்டும். வராவிட்டால் இரண்டாம் வருடத்தில் யார் கட்டுவது? படிப்பை நிறுத்துவது பெரும்பாலும் அந்த இடத்தில்தான், அதிலும் வீட்டில் பெண் பிள்ளை என்றால்.

பி.காம். சி.ஏ. வேலையைப் பற்றி: எங்கள் கிளையில் எனக்கு அடுத்த இருக்கையில் இருப்பவர் பி.ஏ. வரலாறு. வங்கித் தேர்வுக்கு ஏதோ ஒரு பட்டம் போதும். திரையில் இருப்பதை வாசித்துச் சொல்லும் ஸ்க்ரீன் ரீடரோடு கம்ப்யூட்டரை ஓட்டத் தெரிவதற்கும் பட்டத்தின் பெயருக்கும் சம்பந்தமில்லை. ஆனால் எய்டட்டில் பி.காம். இருக்கும்போது வேறு பாடத்துக்குத் தள்ளினால் ஒத்துக்கொள்ள வேண்டாம் என்று நீங்கள் சொல்வது சரி. முத்து, மனுவில் பி.காம். என்றே எழுதுங்கள்.

ஸ்காலர்ஷிப் செக்ஷன்:

வேறொரு மாவட்டத்தில் ஒரு கல்லூரியில் உதவித்தொகைப் பிரிவில்தான் உட்கார்ந்திருக்கிறேன். மேலே சொன்ன திட்டங்களைப் பற்றி எனக்கு மறுப்பு இல்லை. விண்ணப்பம் எங்கே செத்துப்போகிறது என்று மட்டும் சொல்கிறேன்.

பெரும்பாலும் பெயரில்தான். ஆதாரில் இன்ஷியல் முன்னால் இருக்கும், பத்தாம் வகுப்பு மார்க் ஷீட்டில் பின்னால் இருக்கும், யு.டி.ஐ.டி.யில் அப்பா பெயர் முழுசாக இருக்கும். மூன்றும் மூன்று ஆள் என்று கணினி நினைத்துக்கொள்ளும். மார்க் ஷீட்டில் உள்ளபடியே ஆதாரை இப்போதே திருத்திவிடுங்கள். விண்ணப்பம் போட்ட பிறகு திருத்தினால் இன்னும் குழப்பம்.

அடுத்து வங்கிக் கணக்கு. வங்கியில் ஆதார் நகல் கொடுத்திருக்கிறோம் என்பார்கள். அது போதாது. அரசுப் பணம் இந்தக் கணக்குக்கு வரும்படி ஆதாரோடு இணைக்கிற ஆதார் சீடிங் என்று தனியாகச் செய்ய வேண்டும். கடைசியாக எந்த வங்கியில் சீடிங் செய்தீர்களோ அந்தக் கணக்கில்தான் பணம் விழும். பள்ளிக்கூடத்தில் உதவித்தொகைக்காகத் திறந்த பழைய கணக்கில் விழுந்து, அது முடங்கிக் கிடக்கும். பிள்ளைகள் என்னிடம் வந்து பணம் வரவில்லை என்று அழும்.

யு.டி.ஐ.டி. அட்டையில் செல்லுபடியாகும் தேதி இருக்கிறதா பாருங்கள். சின்ன வயதில் கொடுத்த அட்டை சிலருக்குத் தற்காலிகமானதாக இருக்கும். காலாவதி ஆகியிருந்தால் இப்போதே புதுப்பிக்கப் போடுங்கள், மெடிக்கல் போர்டுக்குத் தேதி கிடைக்கவே நாளாகும்.

மத்திய அரசுத் தளத்துக்குப் போவதாக இருந்தால் ஒருமுறைப் பதிவு உண்டு, அதில் செல்போனில் முகத்தைக் காட்டிக் கண்ணைச் சிமிட்டச் சொல்லும். குறைப்பார்வை உள்ள பிள்ளைகளுக்கு அந்த வட்டத்துக்குள் முகத்தை நிறுத்துவதே பாடு. யாராவது கூட இருந்து போனைப் பிடித்துக்கொடுங்கள், பகல் வெளிச்சத்தில். வங்கிக் கே.ஒய்.சி.யில் (வாடிக்கையாளர் அடையாளச் சரிபார்ப்பு) இதே கண் சிமிட்டல் பிரச்சினைக்காக உச்ச நீதிமன்றம் 2025 ஏப்ரல் 30 அன்று விரிவான உத்தரவு போட்டிருக்கிறது. உத்தரவு கீழே வந்து சேர்கிற வரைக்கும் நாம்தான் போனைப் பிடிக்க வேண்டும்.

கடைசியாக, ஆன்லைனில் சப்மிட் செய்ததோடு வேலை முடியாது. கல்லூரியில் உதவித்தொகைக்குப் பொறுப்பான நோடல் அலுவலர் சரிபார்த்தால்தான் அது மேலே போகும். பிரின்ட் எடுத்துக் கொண்டுபோய் அவர் கையில் கொடுங்கள். எங்களைத் தொந்தரவு செய்கிற பிள்ளைகளின் விண்ணப்பம்தான் முதலில் போகும். உண்மையைச் சொல்கிறேன், எங்களுக்கும் அட்மிஷன், எக்ஸாம் ஃபீஸ் என்று நாலு வேலை.

பாலிடெக்னிக் ரவி:

இந்தக் கேள்விக்கு நேராகப் பொருந்தாது, ஆனால் தேடி வருகிறவர்களுக்காக: இன்ஜினியரிங், பாலிடெக்னிக் மாதிரித் தொழில்நுட்பப் படிப்பு என்றால் ஏ.ஐ.சி.டி.இ.யின் (அகில இந்தியத் தொழில்நுட்பக் கல்விக் குழு) சக்ஷம் உதவித்தொகையைப் பாருங்கள், மாற்றுத்திறனாளி மாணவர்களுக்கானது. ஆண்டுக்கு 50,000. குறைபாடு 40 சதவீதத்துக்குக் குறையக் கூடாது, குடும்ப வருமானம் 8 லட்சத்துக்குள். முதல் வருடத்தில் போட வேண்டும், நேரடியாக இரண்டாம் வருடத்தில் சேர்கிற லேட்டரல் என்ட்ரி என்றால் அந்த இரண்டாம் வருடத்தில். நான் காலில் போலியோ பாதிப்பு உள்ளவன், டிப்ளமோவுக்கு இதுதான் கைகொடுத்தது.

உசிலை முத்து:

எல்லோருக்கும் நன்றி. அக்கா, நீங்கள் சொன்ன கட்டத்தில் டிக் அடித்திருக்கிறோம், ஆனால் யு.டி.ஐ.டி. நகல் வைக்கவில்லை. அப்பா நேற்று மனுவோடு போனார். முதலில் வாங்க மாட்டேன் என்றவர்கள், பிரிவு எண்ணைப் பார்த்துவிட்டு உள்ளே கொண்டுபோனார்களாம். முத்திரை போட்டுக் கொடுத்துவிட்டார்கள். எய்டட் பி.காம். இரண்டாம் பட்டியல் திங்கள்கிழமை, அதில் பார்ப்போம் என்றிருக்கிறார்கள். அதுவரை சுயநிதிக்குப் பணம் கட்டவில்லை.

தங்கை பெயரில் இன்ஷியல் பிரச்சினை இருக்கிறது, அதையும் திருத்தக் கொடுத்துவிட்டோம். இன்னொரு கேள்வி. லேப்டாப் வாங்கித் தர வேண்டுமா? தவணையில் 40,000 சொல்கிறார்கள்.

வெண்கோல்:

திங்கள்கிழமை அப்பா தனியாகப் போக வேண்டாம், தங்கையையும் கூட்டிப் போகச் சொல்லுங்கள். அவளே பேசட்டும். சுயநிதிக்குப் பணம் கட்டக் கடைசித் தேதி எது என்பதையும் விசாரித்து வையுங்கள். ஒருவேளை எய்டட் கிடைக்காவிட்டால், கார்த்தி சொன்னபடி மத்திய அரசுத் தொகைக்குத்தான் போட வேண்டும்.

தவணையில் லேப்டாப் இப்போது வேண்டாம். முதல் செமஸ்டர் போன் போதும். ஆண்ட்ராய்டு போனிலேயே திரையை வாசித்துச் சொல்லும் டாக்பேக் இருக்கிறது. பார்வைக் குறைபாடு உள்ள மாணவர்களுக்கு நலத்துறை ஸ்மார்ட்போன் தருகிற திட்டமும் உண்டு, 18 வயது ஆனதும் விண்ணப்பம் போடுங்கள். பாடப்புத்தகத்துக்கு சுகம்ய புஸ்தகாலயா என்ற இணைய நூலகத்தில் உறுப்பினர் ஆகச் சொல்லுங்கள், இலவசம். பிறகு பழைய கம்ப்யூட்டர் ஒன்று கிடைத்தாலும் போதும், என்.வி.டி.ஏ. என்ற ஸ்க்ரீன் ரீடரைக் காசில்லாமல் போட்டுக்கொள்ளலாம். தமிழும் வாசிக்கும். குரல் கொஞ்சம் ரோபோ மாதிரி இருக்கும், ஒரு வாரத்தில் பழகிவிடும்.

வாசிப்பாளர் தொகை வந்ததும் அதை வீட்டுச் செலவில் சேர்த்துவிடாதீர்கள். கணக்குப் பதிவியல் நோட்டை வாசித்துக் காட்ட சக மாணவி ஒருத்தியைப் பிடித்து மாதாமாதம் அவளுக்குக் கொடுங்கள். காசு வாங்குகிற பெண் நேரத்துக்கு வருவாள். உள் தேர்வுக்கும் ஸ்கிரைப் வேண்டும், ஒரு மணி நேரத்துக்கு 20 நிமிடம் கூடுதல் நேரமும் வேண்டும் என்று சேர்ந்த முதல் வாரமே துறைத்தலைவரிடம் எழுதிக் கொடுங்கள். பரீட்சைக்கு முந்தின நாள் போய் நின்றால் ஆள் கிடைக்காது.

பட்டியல் வந்ததும் இங்கே எழுதுங்கள்.