பழைய 1500டி-யை விற்றுவிட்டு ஃபுல் ஃப்ரேம் போகலாமா? (கோட்டை மண்டபப் படங்கள் சொதப்பல்)

பாலாறு_பார்வை:
எல்லாருக்கும் வணக்கம். என்னிடம் இருப்பது கேனன் 1500டி, அதோடு வந்த 18-55 கிட் லென்ஸ். பொழுதுபோக்குதான், தொழில் இல்லை. வேலூர்க் கோட்டை ஜலகண்டேஸ்வரர் கோயில் கல்யாண மண்டபத்துத் தூண்களை எடுத்தேன். குதிரை வீரர்கள் முகமெல்லாம் புள்ளி புள்ளியாக நாய்ஸ். மண்டபம் இருட்டாகவும், தூணுக்குப் பின்னால் தெரியும் வெளிமுற்றம் சுண்ணாம்பு அடித்த மாதிரி வெளுத்தும் இருக்கிறது. லென்ஸ் திறப்பு (அப்பர்ச்சர்) எஃப் 5.6, ஷட்டர் 1/125 நொடி, வெளிச்ச உணர்திறன் ஐஎஸ்ஓ 6400. கோப்பு ஜேபெக்.

தெரிந்த கல்யாண போட்டோகிராபர் ஒருவர் மிரர்லெஸ் கேமராவுக்கு மாறிவிட்டு, பழைய கேனன் 6டி-யை (ஃபுல் ஃப்ரேம், அதாவது ஃபிலிம் அளவு பெரிய சென்சார்) விற்கிறார். அதை வாங்கலாமா? அல்லது அந்தக் காசை லைட்ரூம் எடிட்டிங் மென்பொருள் சந்தாவில் போடலாமா? அடுத்ததாக மயானக் கொள்ளைத் திருவிழா எடுக்க ஆசை. அதையும் மனதில் வைத்துச் சொல்லுங்கள்.

காட்பாடி_ஜங்ஷன்:
யோசிக்கவே வேண்டாம், 6டி வாங்குங்கள். ஃபுல் ஃப்ரேம் சென்சார் பரப்பளவில் உங்கள் 1500டி-யைப் போல ஏறக்குறைய 2.6 மடங்கு. பெரிய சென்சார் அதிக வெளிச்சம் பிடிக்கும், நாய்ஸ் குறையும். 2012 மாடல்தான், ஆனால் ராத்திரி ரிசப்ஷனில் இன்றைக்கும் அடித்து ஆடும். ஷட்டர் கவுன்ட் மட்டும் பார்த்து வாங்குங்கள். அதன் ஷட்டருக்கு கேனன் சொல்லும் ஆயுள் 1 லட்சம் கிளிக். கல்யாணக்காரர் கையில் இருந்த கேமரா அதைத் தாண்டியிருக்கவும் வாய்ப்பு உண்டு.

டார்க்டேபிள்_தாசன்:
அண்ணா, ஒன்றை விட்டுவிட்டீர்கள். அவரிடம் இருக்கும் 18-55 இஎஃப்-எஸ் வகை, சின்ன சென்சாருக்கானது. 6டி-யில் மாட்டவே மாட்டாது. அப்போது பாடிக்கு ஒரு செலவு, லென்ஸுக்கு ஒரு செலவு.

சரி, கணக்குக்கு வருவோம். 2.6 மடங்கு பரப்பு என்றால் ஆதாயம் சுமார் 1⅓ ஸ்டாப் (ஒரு ஸ்டாப் என்றால் வெளிச்சம் இரண்டு மடங்கு). 6400-இல் எடுத்ததை 2500-இல் எடுத்த மாதிரி இருக்கும், அவ்வளவுதான். இதே 1500டி-யில் 50 மிமீ எஃப் 1.8 லென்ஸை மாட்டினால், 5.6-இலிருந்து 1.8-க்கு (எண் சிறிதானால் திறப்பு பெரிது) மூன்று ஸ்டாப்புக்கு மேல் கிடைக்கும். 6400 கேட்ட இடத்தில் 640 போதும். விலையும் ஒரு பாடியைவிட மிகக் குறைவு.

அதற்கும் முன்னால் ஒரு கேள்வி. தூண் ஓடுமா? குதிரை கல் குதிரைதானே. 1/125 எதற்கு? உங்கள் கிட் லென்ஸில் ஐஎஸ் இருக்கிறது, நான்கு ஸ்டாப் வரை கை நடுக்கத்தைத் தாங்கும் என்று கேனனே சொல்கிறது. தூணில் சாய்ந்து நின்று 1/15 வையுங்கள், ஐஎஸ்ஓ 800-க்கு வந்துவிடும். 18 மிமீ பக்கம் போய் எஃப் 3.5 வைத்தால் 320. காசு செலவே இல்லை. முக்காலி கொண்டு போகலாம் என்று யாராவது சொல்வதற்கு முன் சொல்லிவிடுகிறேன்: தொல்லியல் துறையின் பாதுகாப்பில் இருக்கும் இடம், முக்காலிக்குத் தனி அனுமதி வேண்டும்.

காட்பாடி_ஜங்ஷன்:
தம்பி, கணக்கு பேப்பரில் நன்றாக இருக்கிறது. 1500டி-யில் 50 மிமீ போட்டால் 80 மிமீ மாதிரி ஆகிவிடும். அந்த மண்டபத்தில் பின்னால் போக இடம் ஏது? முதுகு அடுத்த தூணில் இடிக்கும். அப்புறம் எஃப் 1.8-இல் கிட்டே நின்று எடுத்தால் குதிரையின் மூக்கு மட்டும் ஷார்ப், வீரன் மங்கல். சிற்பம் எடுக்கப் போனவர் மூக்கு எடுத்துவிட்டு வருவதா?

டார்க்டேபிள்_தாசன்:
மூக்கு விஷயத்தை ஒத்துக்கொள்கிறேன். ஆனால் அந்தக் குறை ஃபுல் ஃப்ரேமில் இன்னும் அதிகம், குறையாது. அதே காட்சி, அதே எஃப் எண் என்றால் பெரிய சென்சாரில் ஃபோகஸ் ஆழம் (முன்னும் பின்னும் தெளிவாக விழும் தூரம்) இன்னும் சின்னது. சரிக்கட்ட அப்பர்ச்சரைச் சுருக்கினால் ஐஎஸ்ஓ ஏறும். வாங்கின 1⅓ ஸ்டாப் அங்கேயே போய்விடும். கல்யாணத்தில் பின்புலம் மங்கினால் பெண்ணும் மாப்பிள்ளையும் எடுப்பாகத் தெரிவார்கள், அதனால் கல்யாணம் எடுக்கும் உங்களுக்கு அது லாபம். சிற்பத்துக்கு அப்படி இல்லை.

அவருடைய உண்மையான சிக்கல் ஜேபெக். ஒரு நிறத்துக்கு ஜேபெக்கில் 256 படிகள். ரா கோப்பு (சென்சார் பிடித்ததை அப்படியே வைப்பது) 14 பிட், அதாவது 16,384 படிகள். முற்றம் வெளுக்காத அளவுக்கு வெளிச்சத்தைக் குறைத்து ரா-வில் எடுத்து, இருட்டுப் பகுதியை டார்க்டேபிள் மென்பொருளில் வெளிச்சமாகத் தூக்கிவிட்டால் படம் பாதி தேறிவிடும். மீதி நாய்ஸுக்கு அதிலேயே ஒவ்வொரு கேமராவுக்கும் அளந்துவைத்த புரொஃபைல் இருக்கிறது. இலவசம், சந்தா கிடையாது. விண்டோஸிலும் ஓடும்.

சத்துவாச்சாரி_பெரியவர்:
ஒரு பக்கம் சென்சார், ஒரு பக்கம் மென்பொருள். நாங்கள் ஃபிலிமில் எடுத்த காலத்தில் ஒரு ரோலுக்கு 36 படம். வெளிச்சம் பார்த்து, நேரம் பார்த்துக் காத்திருந்து எடுப்போம். எடுத்தது எடுத்ததுதான். இப்போது எடுப்பது அரைகுறை, மீதியை கம்ப்யூட்டரில் சமைப்பது. எடிட் செய்த படத்தைப் புகைப்படம் என்று சொல்ல எனக்கு மனம் வரவில்லை. மண்டபத்துக்குக் காலையிலும் சாயங்காலமும் போய்ப் பாருங்கள், வெளிச்சம் சாய்வாக உள்ளே வரும் நேரம் ஒன்று இருக்கும். அதுதான் மருந்து.

டார்க்டேபிள்_தாசன்:
ஐயா, காத்திருப்பது பற்றிச் சொன்னது முழுக்கச் சரி. ஆனால் ‘எடுத்தது எடுத்ததுதான்’ என்பதை ஏற்க முடியவில்லை. அந்தக் காலத்து ஸ்டூடியோவில் நெகடிவ் மேல் பென்சிலால் டச்சிங் செய்து முகப்பருவை மறைக்கவில்லையா? டார்க் ரூமில் கையை மறைப்பாக வைத்து ஒரு பக்கத்தை வெளுக்கவும் ஒரு பக்கத்தைக் கறுக்கவும் விடவில்லையா? கறுப்பு வெள்ளைப் படத்துக்குக் கலர் தீட்டி மாட்டிய தாத்தா பாட்டி படங்கள் நம் ஊர் வீடுகளில் இன்னும் தொங்குகின்றன. இப்போது கேமரா தரும் ஜேபெக்கும் எடிட் செய்ததுதான். செய்தது நீங்களா, கேமராக் கம்பெனி எஞ்சினியரா என்பதுதான் வித்தியாசம்.

சத்துவாச்சாரி_பெரியவர்:
டச்சிங் செய்தவருக்கு அளவு தெரியும். இப்போது ஸ்லைடரைக் கடைசி வரை இழுக்கிறார்கள். கோட்டை மதில் ஊதாவாக இருக்கிறது, அகழித் தண்ணீர் பச்சைப் பெயின்ட் மாதிரி இருக்கிறது. அதற்கு என்ன சொல்கிறீர்கள்?

பென்டிரைவ்_பையன்:
எதுக்கு இவ்வளவு பேச்சு தலைவா. லைட்ரூம் கிராக் என்கிட்ட இருக்கு. புது பஸ் ஸ்டாண்ட் பக்கம் வந்தா காப்பி பண்ணித் தரேன்.

குடியாத்தம்காரி:
வேண்டாம் தம்பி. எனக்குத் தெரிந்த ஒருவர் இப்படி வாங்கிப் போட்ட கிராக்கோடு வந்த வைரஸில் திருவிழாப் படங்கள் மொத்தமும் பூட்டப்பட்டுப் போயின. காசு கேட்டு மெசேஜ் வந்தது. பேக்கப்பும் இல்லை. இலவசமாகவே நல்ல மென்பொருள் இருக்கும்போது எதற்கு இந்தத் தலைவலி? கேனன் வைத்திருப்பவருக்கு கேனனின் டிபிபி மென்பொருள் இலவசம். அதன் நிறங்கள் கேமரா ஜேபெக் மாதிரியே வரும், புதிதாக ரா-வுக்கு வருபவருக்கு டார்க்டேபிளைவிட எளிது. தாசன் கோபித்துக்கொண்டாலும் சொல்கிறேன், டார்க்டேபிளைத் திறந்தால் மாட்யூல் மேல் மாட்யூலாக வந்து நிற்கும். எங்கே தொடங்குவது என்றே தெரியாது.

இப்போது மயானக் கொள்ளை. நான் எங்கள் ஊர் கெங்கையம்மன் சிரசு ஊர்வலம் எடுக்கிறவள். வைகாசி முதல் நாள், அந்தக் கூட்டத்தில் தூண் மாதிரி எதுவும் நிற்காது. அங்கே தாசன் சொன்ன 1/15 செல்லாது, 1/250-க்குக் கீழே போனால் ஆடுகிறவர் கை புகை மாதிரிதான் பதியும். பொழுது சாயும் நேரத்தில் பாலாற்றங்கரையில் எஃப் 5.6 லென்ஸ் தடுமாறும். அங்கே 50 மிமீ 1.8 கட்டாயம் உதவும். கூட்டத்துக்குள் 80 மிமீ பார்வையும் வசதிதான், ஆளை நெருங்கி இடிக்காமல் முகத்தை எடுக்கலாம்.

இன்னொன்றை யாரும் சொல்லவில்லை. குங்குமம். மயானக் கொள்ளையில் பாதிப் படம் சிவப்புதான். ஜேபெக்கில் சிவப்பு சானல் மட்டும் முட்டி வழிந்துவிடும். முகத்தில் பூசிய குங்குமம் மடிப்பு, சுருக்கம் எதுவும் இல்லாமல் ஒரே சிவப்புத் தாளாகிவிடும். வெறும் பிரைட்னஸ் ஹிஸ்டோகிராமில் (கேமரா காட்டும் வெளிச்ச வரைபடம்) அது தெரியாது, எல்லாம் சரி என்றே காட்டும். 1500டி-யில் ஆர்ஜிபி ஹிஸ்டோகிராமுக்கு மாற்றி வைத்து, சிவப்பு வலது ஓரத்தில் முட்டினால் வெளிச்சத்தை ஒரு ஸ்டாப் குறையுங்கள். ரா-வில் எடுங்கள். இதற்கு 6டி-யும் தேவையில்லை, சந்தாவும் தேவையில்லை.

காட்பாடி_ஜங்ஷன்:
அக்கா சொன்ன குங்கும விஷயம் தங்கம். கல்யாணத்தில் அரக்குப் பட்டுப் புடவைக்கும் அதே கதைதான்.

ஆனால் மென்பொருளில் நான் லைட்ரூம் பக்கம். ஒரு கல்யாணம் முடிந்தால் ஆயிரக்கணக்கில் படம். ஒன்றைத் திருத்தி மற்றதுக்கெல்லாம் ஒட்டுவது, நல்லது கெட்டது பிரிப்பது, எல்லாம் அதில் வேகம். 2023-இல் வந்த, நாய்ஸ் நீக்கும் ஏஐ டினாய்ஸ் வேறு இருக்கிறது. ஐஎஸ்ஓ 6400 படத்தைப் போட்டால் 400 மாதிரி வெளியே வரும். உங்கள் மண்டபப் படத்தைக்கூட அது காப்பாற்றியிருக்கும். என்ன, ரா-வில் எடுத்திருக்க வேண்டும். சந்தா நின்றால் எல்லாம் போய்விடும் என்று பயமுறுத்துவார்கள், அது பொய். லைட்ரூம் கிளாசிக்கில் சந்தா முடிந்தாலும் படங்களைப் பார்க்கலாம், எக்ஸ்போர்ட் செய்யலாம். டெவலப், மேப் பகுதிகள் மட்டும் பூட்டிக்கொள்ளும்.

டார்க்டேபிள்_தாசன்:
டெவலப்பையும் சேர்த்து ‘மட்டும்’ என்கிறீர்களே! எடிட்டிங் மென்பொருளில் எடிட்டிங் பூட்டிக்கொண்டால் மிச்சம் என்ன? ஒரு தடவை காசு கொடுத்து வாங்கும் லைட்ரூம் 2015-இல் வந்த 6-ஆம் பதிப்போடு முடிந்துபோனது. பொழுதுபோக்குக்காரர் மாதத்தில் ஒரு ஞாயிறு படமெடுப்பார், சந்தா மட்டும் மாதம் தவறாமல் ஓடும்.

ஏஐ டினாய்ஸ் பற்றி எனக்கு வேறு பயம். நல்ல கிராஃபிக்ஸ் கார்டு இல்லாத பழைய லேப்டாப்பில் ஒரு படத்துக்கே நிமிஷக்கணக்கில் உட்கார வேண்டும், அது போகட்டும். கல்லின் சொரசொரப்பு எது, நாய்ஸ் எது என்று அது ஊகிக்கிறது. ஊகம் தப்பினால் உளி பட்ட தடத்தை மழமழ என்று தேய்த்துவிடும், அல்லது இல்லாத கோட்டைப் போட்டுவிடும். மணப்பெண் கன்னத்துக்கு அது சரி. யாளியின் பல்லுக்கும் பிடரிக்கும் சரியில்லை. பிற்காலத்தில் ஒரு சிற்பம் சிதைந்தால் நம் படம்தான் சாட்சி.

ஏலகிரி_பனி:
ஏஐ என்றதும் ஞாபகம் வந்தது. வாட்ஸப்பில் ஒரு படம் சுற்றியது, பார்த்தீர்களா? வேலூர்க் கோட்டைக்கு மேல் பால்வீதி ஆறாக ஓடுகிறது. அகழியில் அதன் பிரதிபலிப்பு வேறு! ஊர் நடுவில் அத்தனை விளக்குக்கு மத்தியில் நாலு நட்சத்திரம் தெரிந்தாலே பெரிது. பால்வீதி வேண்டுமானால் ஜவ்வாது மலைப் பக்கம் ஏற வேண்டும். காவலூரில் 2.34 மீட்டர் தொலைநோக்கியைக் கொண்டுபோய் வைத்தது சும்மாவா, இருட்டுக்காகத்தானே.

கிட் லென்ஸை வைத்தே அங்கே எடுக்கலாம் என்பதையும் சொல்லிவிடுகிறேன். 500-ஐ ஃபுல் ஃப்ரேம் கணக்குக் குவிய நீளத்தால் வகுத்தால், நட்சத்திரம் கோடாக இழுபடாமல் எத்தனை நொடி திறந்து வைக்கலாம் என்று தோராயமாகக் கிடைக்கும். 18 மிமீ உங்கள் கேமராவில் சுமார் 29. ஆக 17 நொடி. எஃப் 3.5, ஐஎஸ்ஓ 3200, ரா. இதற்கு முக்காலி வேண்டும்.

சத்துவாச்சாரி_பெரியவர்:
பார்த்தீர்களா, நான் சொன்னது இதைத்தான். கோட்டை மேல் பால்வீதி!

குடியாத்தம்காரி:
ஐயா, அது எடிட்டிங் இல்லை, புளுகு. இருட்டைக் கொஞ்சம் தூக்குவதையும் இல்லாத வானத்தை ஒட்டுவதையும் ஒரே கூடையில் போடாதீர்கள். கண் மண்டபத்துக்குள்ளும் பார்க்கிறது, முற்றத்தையும் பார்க்கிறது. சென்சாரால் ஒரே நேரத்தில் இரண்டையும் அப்படிப் பிடிக்க முடியவில்லை. கண் பார்த்ததைத் திரும்பக் கொண்டு வருவதில் என்ன தப்பு?

சத்துவாச்சாரி_பெரியவர்:
நீங்கள் சொல்லும் வரம்போடு எல்லாரும் நிற்பார்கள் என்றால் எனக்கு ஆட்சேபம் இல்லை அம்மா. நிற்பதில்லையே.

பாலாறு_பார்வை:
எல்லாருக்கும் நன்றி. இன்று மறுபடி மண்டபம் போய் வந்தேன். ரா, 1/15, 18 மிமீ, எஃப் 3.5. தூணில் சாய்ந்து எடுத்ததில் சில ஆடிப்போயின, மற்றவை தெளிவு. டிபிபியில் இருட்டைத் தூக்கினால் வீரன் முகத்தில் மீசை தெரிகிறது. முற்றம் இன்னும் கொஞ்சம் வெளுப்புதான். டார்க்டேபிளும் போட்டுப் பார்த்தேன். அக்கா சொன்னது உண்மை, தலை சுற்றுகிறது.

அதனால் 6டி இப்போதைக்கு வேண்டாம், சந்தாவும் வேண்டாம். மயானக் கொள்ளைக்கு முன் 50 மிமீ ஒன்று பார்க்கலாம் என்று இருக்கிறேன். பழையது கிடைத்தாலும் சரி.

டார்க்டேபிள்_தாசன்:
பழையதை வாங்கினால் டார்ச் அடித்து உள்ளே பாருங்கள். சிலந்தி வலை மாதிரி இழை தெரிந்தால் ஃபங்கஸ், எவ்வளவு மலிவு என்றாலும் வேண்டாம். வாங்கிய பிறகு காற்றுப் புகாத டப்பாவில் சிலிக்கா ஜெல்லோடு வையுங்கள். தலை சுற்றல் போக, எக்ஸ்போஷர், வொயிட் பேலன்ஸ், டினாய்ஸ் இந்த மூன்று மாட்யூலை மட்டும் தொடுங்கள். மற்றதெல்லாம் அங்கே இருப்பதையே மறந்துவிடுங்கள்.

காட்பாடி_ஜங்ஷன்:
வாங்க அவசரப்பட வேண்டாம், என்னுடைய 50 மிமீயை மயானக் கொள்ளைக்குத் தருகிறேன். நானும் அங்கே வருவேன். முன்னால் ஃபில்டர் மாட்டித்தான் தருவேன், மணலும் குங்குமமும் கண்ணாடியில் ஒட்டினால் எடுப்பது பாடு. ஆற்று மணலில் நின்று லென்ஸ் மாற்றாதீர்கள், வீட்டிலேயே மாட்டிக்கொண்டு வந்துவிடுங்கள்.

என் பையில் என்னுடைய 6டி-யும் இருக்கும். இருட்டிய பிறகு அதே லென்ஸை அதில் மாட்டி நாலு கிளிக் எடுத்துப் பாருங்கள். தாசனும் வரட்டும், ஸ்டாப் கணக்கை அங்கேயே வைத்துக்கொள்வோம்.

டார்க்டேபிள்_தாசன்:
வருகிறேன். இரண்டு கேமராவிலும் ஒரே ஷட்டர், ஒரே ஃபோகஸ் ஆழம். இல்லாவிட்டால் போட்டி செல்லாது.