‘எதுகைச் சொல்’ வேண்டாம், ‘இயையும் சொல்’ என்போம்

அன்பின் நண்பர்களுக்கு,

வணக்கம். பிள்ளையின் பெயரை இட்டால் அதற்கு ‘ரைம்’ ஆக வரும் ஆங்கிலச் சொற்களைப் பட்டியலிடும் நம் மென்பொருளில், அந்த ‘ரைம்’ என்பதைத் தமிழில் எப்படி அழைப்பது என்று ஒரு வாரமாக இந்த இழையில் வந்த மடல்கள் அனைத்தையும் படித்தேன். மறுமொழி எழுதச் சுணங்கிவிட்டது. ‘எதுகை’ வேண்டாம் என்று வெறுமனே சொல்ல எனக்கு விருப்பமில்லை. அதற்கு என்னிடம் ஒரு சான்று இருந்தது. அதைத் தேடி எடுத்த பிறகு எழுதுகிறேன்.

> ‘எதுகைச் சொற்கள்’ என்றே விடலாம். ஆசிரியர்களுக்கும் பிள்ளைகளுக்கும் பழகிய சொல்தானே.

அக்கா, பழகிய சொல் என்பதுதான் இங்கே இடர். கிளிநொச்சியில் நாங்கள் நடத்தும் மாலை வகுப்பில் தரம் ஐந்து பிள்ளைகளுக்கு ஒரு பயிற்சித்தாள் கொடுத்தோம். வெளியிலிருந்து வந்த தாள் அது. ‘ஜேன் என்ற பெயருக்கு எதுகையாக வரும் ஆங்கிலச் சொற்கள் மூன்று எழுதுக’ என்று அதில் தமிழில் கேட்டிருந்தார்கள். ஒரு சிறுமி மூன், போன், கோன் என்று எழுதியிருந்தாள். மூன்றுக்கும் சிவப்புக் கோடு போட்டுக் கொடுத்தேன். அவள் ஒன்றும் பேசவில்லை. தாளை மடித்துப் புத்தகத்துக்குள் வைத்துக்கொண்டாள்.

இரவு அது மனதை உறுத்தியது. முதலெழுத்து அளவில் ஒத்து நிற்க, இரண்டாம் எழுத்து ஒன்றி வருவது எதுகை என்று அவளுக்குத் தமிழ்ப் பாடத்தில் சொல்லிக்கொடுத்தவர்கள் நாங்களே. ஜே நெடில். மூ, போ, கோ மூன்றும் நெடில். இரண்டாம் எழுத்து எல்லாவற்றிலும் ‘ன்’. அவள் எதுகையை ஓர் எழுத்தும் பிசகாமல் எழுதியிருக்கிறாள். தாளைத் தயாரித்தவர் வேறொன்றைக் கேட்க எண்ணி, அதற்கு எதுகை என்ற பெயரைச் சூட்டிவிட்டார். அடுத்த நாள் தாளைத் திருப்பி வாங்கி, ‘தமிழில் சரி’ என்று எழுதிக் கொடுத்தேன். அந்தத் தாளின் படியைத்தான் இப்போது முன்னால் வைத்துக்கொண்டு எழுதுகிறேன்.

அந்த ஆங்கிலக் கேள்வி உண்மையில் கேட்பது இது: சொல்லில் அழுத்தம் விழும் கடைசி உயிரொலி தொடங்கிச் சொல் முடியும் வரை எல்லா ஒலிகளும் ஒன்றாக இருக்க வேண்டும், அந்த உயிருக்கு முன்னே நிற்கும் மெய் மட்டும் வேறாக இருக்க வேண்டும். ஜேனுக்கு லேன், பிளேன், ரெயின், ட்ரெயின், ஸ்பெயின் எல்லாம் வரும். மூன் வராது, உயிர் வேறு.

நம் சொற்களை வைத்தே பார்க்கலாம். களம், வளம், தளம் மூன்றும் எதுகையாகவும் நிற்கின்றன, ஆங்கிலக் கணக்குக்கும் பொருந்துகின்றன. அதனால்தான் இரண்டும் ஒன்று என்ற எண்ணம் ஆசிரியர்களிடம் வேரூன்றியிருக்கிறது. நம் ஊருக்கு உயிரான குளத்தை அதே வரிசையில் வையுங்கள். குளம், களம்: எதுகை குறைவற்றது. ஆங்கிலக் கணக்கில் சேராது, ஏனென்றால் முதலுயிர் உகரம். மறுபக்கம் அன்பு, இன்னல் என்ற சொற்களை எடுங்கள். எதுகை உண்டு, ஈற்றில் ஒலியொற்றுமை துளியும் இல்லை. எதுகை சொல்லின் தலைப்பக்கத்தைப் பார்க்கிறது. நமக்கு வேண்டியது சொல்லின் வால்.

> ‘சந்தச் சொற்கள்’ எப்படி? கேட்க இனிமையாக இருக்கிறது.

இனிமைதான். ஆனால் சந்தம் என்பது ஓசையின் நடை, ஏற்றஇறக்கம். ஆங்கிலேயரே இந்த இரண்டையும் குழப்பியவர்கள். பிரெஞ்சிலிருந்து ‘ரைம்’ என்ற சொல் வந்தபோது அதில் ‘எச்’ என்ற எழுத்து கிடையாது. சந்தத்தைக் குறிக்கும் ‘ரிதம்’ என்ற சொல்லோடு உறவு இருப்பதாக எண்ணிப் பிற்காலத்தில் அந்த எழுத்தைச் சேர்த்துக்கொண்டார்கள். அவர்கள் எழுத்தில் செய்த குழப்பத்தை நாம் பொருளில் செய்ய வேண்டாம். ‘ஒத்தோசைச் சொல்’ என்பதும் சரிவராது. மழைக்கு ரெயின், ஆட்சிக்கு ரெயின், கடிவாள வாருக்கு ரெயின் என்று முற்றும் ஒரே ஒலியுடைய சொற்களை அழைக்க அந்தப் பெயர் தேவைப்படும்.

இனி வவுனியா பண்டிதர் ஐயாவின் முன்மொழிவு. ‘இயைபு’ என்று ஒரே வரியில் எழுதியிருந்தீர்கள், ஐயா. படித்தவுடன் மனம் அதில் நின்றுவிட்டது. தொல்காப்பியச் செய்யுளியல் மோனை, எதுகை, முரண், இயைபு, அளபெடை என்று தொடைகளை, அதாவது அடிகளை ஒலியால் தொடுக்கும் முறைகளை, சொல்லுமிடத்தில், அடியின் இறுதி ஒன்றி வருவது இயைபு. வால் பக்கத்துக்கு நம்மிடம் ஏற்கெனவே பெயர் இருக்கிறது; புதிதாக வார்க்க வேண்டியதில்லை. பழைய ஆங்கிலப் பாட்டும் முதலொலி ஒன்றும் மோனையால்தான் கட்டப்பட்டது, ஈற்றொலி ஒன்றும் வழக்கம் அங்கே இலத்தீன், பிரெஞ்சு வழியாகப் பின்னர் வேரூன்றியது என்பதை இங்கே நினைத்துக்கொள்கிறேன். மோனையும் இயைபும் வேறு வேறு என்று அவர்களுக்கும் தெரியும்.

ஆனால் இரண்டு தடைகள் உண்டு. ஒன்று சிறியது. அதே செய்யுளியல், நூலுக்கு அழகாகச் சொல்லும் வனப்புகள் எட்டில் ஒன்றையும் இயைபு என்று அழைக்கிறது. மெய்யெழுத்தில் முடியும் செய்யுள்களைப் பற்றியது அது. தரம் ஐந்து பிள்ளைக்கு அந்த மயக்கம் வரப்போவதில்லை.

மற்றது பெரியது. வவுனியாவிலிருந்து ஏ9 வீதியில் வடக்கே வரும் பஸ்ஸில் நடத்துனர் புளியங்குளம், கனகராயன்குளம், மாங்குளம் என்று கூவுவதைக் கேட்டிருப்பீர்கள். மூன்றையும் மூன்று அடிகளின் ஈற்றில் வைத்தால் தமிழில் நல்ல இயைபு. ஒரே சொல் திரும்ப வருவதை இயைபு ஏற்கிறது. ஆங்கிலம் அதை ஒரே சொல்லைத் திருப்பிச் சொன்னதாகவே கொள்ளும். முன்மெய் மாற வேண்டும் என்பது அதன் விதி. ஆகவே இயைபு என்ற சொல்லை எடுத்தாலும், பயிற்சித்தாளில் ‘முன்னொலி வேறாக, பின்னொலி ஒன்றாக’ என்ற ஒரு வரி கட்டாயம் சேர வேண்டும். அந்த வரி இருந்தால் இயைபு என்ற சொல்லை நான் முழு மனதுடன் ஏற்கிறேன்.

எனக்கு அதைவிடப் பெரிய ஈர்ப்பு, இதில் வினை இருக்கிறது என்பது. எதுகை, சந்தம் இரண்டிலிருந்தும் பிள்ளை வாயில் நிற்கும் வினை பிறக்காது. இயை, இயையும், இயையாது. ‘ஜேனுடன் ட்ரெயின் இயையும், மூன் இயையாது’ என்று ஒரு சிறுமி சொல்லிப்பார்க்கலாம். பெயராக மட்டும் நிற்கும் கலைச்சொல் பயிற்சித்தாளைத் தாண்டி வாய்ப்பேச்சுக்கு வராது என்பது இத்தனை ஆண்டு வகுப்பில் நான் கண்டது.

அடுத்தது எழுத்துப் பற்றிய சிக்கல். இதை யாரும் எழுப்பவில்லை. மென்பொருள் எழுதும் தம்பி கவனமாகப் படிக்க வேண்டும்.

ஈழத்தில் நாம் ‘ஜோன்’ என்று எழுதும் ஆண்பெயரைத் தமிழகத்தில் ‘ஜான்’ என்று எழுதுகிறார்கள். ஆங்கிலத்தில் வேறொரு பெண்பெயரும் உண்டு. அதையும் நாம் ‘ஜோன்’ என்றே எழுதுகிறோம். ஆணின் பெயர் அன்னத்தைக் குறிக்கும் ஸ்வொன் என்ற சொல்லுடன் இயையும். பெண்ணின் பெயர் போன், ஸ்டோன் ஆகியவற்றுடன் இயையும். நம் எழுத்தில் இரண்டும் ஒன்று. முல்லைத்தீவிலும் மன்னாரிலும் ஜோன் என்ற பெயருடைய பையன்கள் எத்தனை பேர்! அவன் தன் பெயரைத் தமிழில் எழுதிப் பார்த்துப் போன் என்ற சொல்லைத் தேர்ந்தால் அது எழுத்து ஏமாற்றிய பிழை. மறுபக்கம் ஜேன், ரெயின் இரண்டும் ஆங்கிலத்தில் ஒலியால் ஒன்றியிருக்க, நம் எழுத்தில் வேறு வேறாகத் தெரிகின்றன. ஆங்கில எழுத்தும் நம்பத்தக்கதல்ல. கேட் என்ற பெண்பெயருடன் லேட், வெயிட், எட்டைக் குறிக்கும் எயிட் மூன்றும் இயையும். எழுதும்போது மூன்றுக்கும் மூன்று விதமான ஈறு. ஆகவே பட்டியல் தமிழெழுத்தையோ ஆங்கில எழுத்தையோ பார்த்து உருவாகக் கூடாது. ஒலியைப் பார்த்தே உருவாக வேண்டும்.

தம்பி சொன்ன கார்னகி மெலன் பல்கலைக்கழகத்தின் உச்சரிப்பு அகராதி இதற்கு நல்ல அடித்தளம். 134,000க்கு மேற்பட்ட சொற்கள் அதில் இருக்கின்றன, ஒவ்வோர் உயிரொலிக்கும் அழுத்தம் 0, 1, 2 என்று குறிக்கப்பட்டிருக்கிறது. தமிழில் சொல்லழுத்தம் பொருளை மாற்றுவதில்லை என்பதால் பிள்ளைகளுக்கு அழுத்தம் காதில் விழுவதில்லை. மேரி, மரீ என்ற இரண்டு பெயர்களை அருகருகே வைத்துக் காட்டினால் விளங்கும். மேரியில் அழுத்தம் முதலில், எனவே ஃபேரி, டேரி இயையும். மரீயில் அழுத்தம் ஈற்றில், எனவே தேநீரைக் குறிக்கும் ரீ, சீ, ஃப்ரீ எல்லாம் இயையும்.

ஆனால் அந்த அகராதி வட அமெரிக்க உச்சரிப்பைத் தருகிறது. அதில் மேரியுடன் செரிப் பழமும் இயைந்துவிடுகிறது. அவர்களில் பலருக்கு அந்த இரண்டு உயிரும் ஒன்று. நம் வகுப்பில் யாரும் அப்படிச் சொல்லமாட்டார்கள். மாறாக, நாம் பிரித்தானிய வழக்கை ஒட்டிச் சொல்லீற்று ரகரத்தை விடுவதால், சிவா என்ற பெயருடன் ரிவர் இயைய வேண்டும். அமெரிக்க அகராதி அதைத் தராது. ‘சிவாவுக்கு ரிவர்’ என்று கரும்பலகையில் எழுதிய அன்று வகுப்பில் எழுந்த மகிழ்ச்சியை நான் மறக்கமாட்டேன். மாலாவுக்கு கொவாலா, மீனாவுக்கு அரீனா, குமாருக்கு கார், கிற்றார். தங்கள் பெயர் ஆங்கிலத்தில் எங்கோ ஓர் உறவைப் பிடித்துக்கொண்டதைக் கண்ட பிள்ளைகள் அடுத்த நாள் அக்காமார், தம்பிமார் பெயர்களையும் எழுதிக்கொண்டு வந்தார்கள். அதனால் இந்த ரகர விதியைக் கையால் சேர்த்தாவது தாருங்கள், தம்பி. இன்னொன்று: ட்ரெயின் போன்ற, பிள்ளைகள் அறிந்த சொற்கள் பட்டியலின் தொடக்கத்தில் வரட்டும். யாழ்தேவி ரயில் 2013 செப்டெம்பரில் கிளிநொச்சிக்குத் திரும்பியதற்குப் பிறகு பிறந்தவர்கள் இவர்கள். அந்தச் சத்தம் அவர்களுக்கு அன்றாடம். ஆட்சியையும் கடிவாள வாரையும் குறிக்கும் ரெயின்கள் கடைசியில் வரட்டும்.

நெலி என்ற பெயருக்கு ஜெலி வரும், நாற்றத்தைக் குறிக்கும் ஸ்மெலியும் வரும். பட்டப்பெயர் சூட்டப் பிள்ளைகளுக்கு உதவும் சொற்களை நீக்கும் வடிகட்டியை எடுத்துவிடலாமா என்று ஒருவர் கேட்டிருந்தார். வேண்டாம், வடிகட்டி இருக்கட்டும். பட்டப்பெயர் தாங்கிய பிள்ளை வகுப்புக்கு வராமல் நின்றதைப் பார்த்திருக்கிறேன்.

துணைச்சொற்கள் பற்றி. முழுமையாக இயைவதற்கு ‘முற்றியைபு’ என்று வந்த முன்மொழிவை ஏற்க இயலாது. அடியின் எல்லாச் சீரிலும் இயைபு வருவதற்கு யாப்பில் அது ஏற்கெனவே பெயர். ‘நிறையியைபு’ என்று வைக்கலாம். தோமஸ், ப்ரொமிஸ் போல அருகில் மட்டும் வருவதற்குக் ‘குறையியைபு’. எழுதினால் ஒன்றுபோல் தெரிந்து, சொன்னால் பிரியும் லவ், மூவ் போன்ற இணைகளுக்கு ‘எழுத்தியைபு’ என்று நான் முதலில் எழுதியிருந்தேன். அதைத் திரும்பப் பெறுகிறேன். நம் இலக்கணத்தில் எழுத்து என்றால் ஒலியும் அடங்கும். ‘வடிவியைபு’ என்பது தெளிவாக இருக்கிறது.

பொத்தானில் ‘இயையும் சொற்கள்’ என்றும், பெயர் இட்ட பின் தலைப்பில் ‘ஜேனுடன் இயையும் சொற்கள்’ என்றும் வரும்படி தம்பி செய்து வைத்திருக்கிறார். நூலகக் கணினிகள் இரண்டிலும் வெள்ளிக்கிழமை ஏற்றுகிறோம். அதற்கு முன் மறுப்பு இருந்தால் எழுதுங்கள்.

ஒரு சொல் மட்டும் இன்னும் கிடைக்கவில்லை. மாதத்தைக் குறிக்கும் ‘மன்த்’ என்ற ஆங்கிலச் சொல்லுக்குப் பொது வழக்கில் இயையும் சொல்லே கிடையாது. சில பெயர்களுக்கும் இதே நிலை. பிள்ளை தன் பெயரை இட்டு வெறும் திரையைப் பார்க்கும்போது அங்கே என்ன எழுதியிருக்க வேண்டும்? ‘இயைபிலி’ என்று ஒருவர் சொன்னார். ஒரு பிள்ளையின் பெயருக்கு எதிரே ‘இலி’ என்று முடியும் சொல்லை வைக்க எனக்கு மனம் வரவில்லை. பண்டிதர் ஐயா, நீங்கள் ஒரு சொல் தாருங்கள்.

அன்புடன்,
கிளிநொச்சியிலிருந்து