பாஸ்தா சாலட் ஃபிரிட்ஜில் விறைத்துவிட்டது, மேலே வெள்ளைத் திட்டு. தூக்கிப் போடவா? (அவசரம்)

அவசரக்கரண்டி
வணக்கம். இன்று சாயந்திரம் பார்க்கில் முப்பது பேர் கூடுகிறோம். ஆளுக்கொரு ஐட்டம், என் பங்குக்குப் பாஸ்தா சாலட். ராத்திரியே கலந்து ஃபிரிட்ஜில் வைத்துவிட்டேன். இப்போது திறந்தால் பாஸ்தா விறைத்து ஒன்றோடொன்று ஒட்டிக் கிடக்கிறது. டிரெஸ்ஸிங் ஊற்றிய அடையாளமே இல்லை. போதாக்குறைக்கு மேலே வெள்ளை வெள்ளையாகத் திட்டு. பூஞ்சையா? தேற்ற முடியுமா, தூக்கிப் போட வேண்டியதுதானா? வெயில் 98 காட்டுகிறது. சீக்கிரம் சொல்லுங்கள், ப்ளீஸ்.

சாம்பார்வாளி
மயோனைஸா, எண்ணெயா? அதைச் சொல்லாமல் கேட்டால் நாங்கள் ஜோசியமா பார்க்க முடியும்?

கத்தரிவத்தல்
என்ன வடிவப் பாஸ்தா? என்னென்ன காய்? வெந்த பிறகு எவ்வளவு நேரம் வெளியே இருந்தது? முடிந்தால் படம் போடுங்கள்.

மாம்பலம்வாசி
98 டிகிரியா? கொடுத்து வைத்தவர். இங்கே மே மாதத்தில் 98 என்றால் ஃபேனைக் குறைத்து வைப்போம். எந்த ஊர் நீங்கள்? ராத்திரி கரண்ட் போயிருக்கும், ஃபிரிட்ஜ் ஓடியிருக்காது, அதுதான் திட்டு. எங்கள் தெருவில் தினமும் இதே கதை.

பச்சைப்பட்டாணி
மயோனைஸ் போட்டிருந்தால் யோசிக்கவே வேண்டாம், நேரே குப்பைக்கு. தமிழக அரசே 2025 ஏப்ரலில் ஓராண்டுக்குத் தடை போட்டதே, சும்மாவா?

சாம்பார்வாளி
தடை பச்சை முட்டையில் செய்கிற மயோனைஸுக்கு. மொத்த மயோனைஸுக்கும் இல்லை. பாட்டிலில் வருவதில் முட்டையைப் பதப்படுத்தித்தான் சேர்க்கிறார்கள், வினிகர் புளிப்பும் இருக்கிறது. முட்டையே இல்லாததும் கடையில் தாராளமாகக் கிடைக்கிறது. முதலில் அவர் மயோனைஸ் போட்டாரா என்பதே தெரியாது, அதற்குள் குப்பைக்கு அனுப்புகிறீர்கள்.

நளபாகன்
மேலே தேடல் பெட்டி என்று ஒன்று இருக்கிறது. அதைத் தொட்டுப் பார்க்காமல் புது இழை தொடங்குவது இங்கே வாடிக்கையாகிவிட்டது. சரி, கேட்டதற்காகச் சொல்கிறேன். நீங்கள் பாஸ்தாவை வடித்ததும் குழாய்த் தண்ணீரில் அலசியிருப்பீர்கள். அதுதான் வினை. 100 கிராம் பாஸ்தாவுக்கு 1 லிட்டர் தண்ணீர், 10 கிராம் உப்பு, நடுவில் துளி உறுதி இருக்கும்போதே வடிப்பது, அலசாமல் விடுவது. இத்தாலியர்கள் இப்படித்தான் செய்கிறார்கள். பாஸ்தாவை ஐஸ் மாதிரிக் குளிரவைத்துத் தின்கிற பழக்கம் அவர்களிடம் கிடையாது.

கத்தரிவத்தல்
நளபாகன் சார், தண்ணீர், உப்புக் கணக்கு சரி. மீதி சூடான பாஸ்தாவுக்குப் பொருந்தும். அங்கே மேலே படிந்த மாவுச்சத்து சாஸைப் பிடித்துக்கொள்ள உதவுகிறது. ஆறவைத்துச் சாப்பிடும்போது அதே மாவுதான் பசையாகிறது. அதனால் சாலட்டுக்கு மட்டும் அலசலாம். அலசப் பிடிக்காவிட்டால் ஒரு கரண்டி எண்ணெய் பிசறி, அகலத் தட்டில் பரப்பி ஆற்றலாம். வடிதட்டிலேயே குவித்து வைத்தால்தான் கட்டி.

அப்புறம், இத்தாலியில் 'இன்சலாட்டா தி பாஸ்தா' என்றே ஒன்று உண்டு. கோடையில் வீட்டில் செய்து டப்பாவில் போட்டுக் கடற்கரைக்கு எடுத்துப் போவார்கள்.

நளபாகன்
சுற்றுலாப் பயணிகளுக்காகச் செய்வார்கள்.

அவசரக்கரண்டி
மயோ இல்லை. எண்ணெய், எலுமிச்சை, பூண்டு. அலசவில்லை. பட்டாம்பூச்சி வடிவப் பாஸ்தா, நாலு பாக்கெட். குடமிளகாய், வெள்ளரி, செர்ரி தக்காளி, சோளம், சீஸ். ஊர் டெக்சாஸ், கரண்டெல்லாம் போகவில்லை. சைவம். பூஞ்சையா இல்லையா, அதை மட்டும் சொல்லுங்கள்!

பச்சைப்பட்டாணி
ஒரே ராத்திரியில், அதுவும் ஃபிரிட்ஜுக்குள் பூஞ்சை பிடிக்காது. சீஸ் கொழுப்பு பிரிந்திருக்கும். நான் அப்போதே நினைத்தேன்.

ஸ்கார்பரோ அக்கா
தங்கச்சி, என்ன எண்ணெய் விட்டனீங்கள்?

அவசரக்கரண்டி
தம்பிதான் அக்கா. ஆலிவ். எக்ஸ்ட்ரா விர்ஜின். பாட்டிலில் இருந்த மொத்தமும்.

ஸ்கார்பரோ அக்கா
அப்ப பயப்பட ஒன்றுமில்லை தம்பி. இங்கே பனிக்காலத்தில் தேங்காய் எண்ணெய் போத்தலுக்குள்ளேயே கட்டியாகுமே, அந்த மாதிரித்தான் ஒலிவ் எண்ணெயும் ஃபிரிட்ஜ் குளிரில் உறையும். ஒரு கரண்டி சாலட்டைச் சின்னக் கிண்ணத்தில் எடுத்துக் குசினி மேசையில் இருபது நிமிடம் வையுங்கோ. வெள்ளை கரைந்து பளபளப்பாக வந்தால் அது எண்ணெய்தான். கரையாமல் பஞ்சு மாதிரி நின்றால், மணமும் மாறியிருந்தால், கொட்டுங்கோ. அடுத்த முறை ஃபிரிட்ஜுக்குப் போற சாலட் என்றால் பாதிக்குப் பாதி சூரியகாந்தி எண்ணெய் கலந்தால் இவ்வளவு உறையாது.

நான் கனடா டேக்குச் செய்யிறது டின் மீன் போட்டுத்தான். டூனா, பச்சை வெங்காயம், மிளகு, தேசிக்காய்ப் புளி. ஒரு சட்டி பத்தாது.

பச்சைப்பட்டாணி
அவர் சைவம் என்கிறார், நீங்கள் டின் மீன் என்கிறீர்களே அக்கா.

ஸ்கார்பரோ அக்கா
நான் என்ர வீட்டுக் கதையைச் சொன்னனான். அவரைப் போடச் சொல்லவில்லையே.

கத்தரிவத்தல்
திட்டு விஷயம் முடிந்தது. இனி விறைப்பு. வெந்த மாவுச்சத்து ஆறும்போது மறுபடி இறுகும், ஃபிரிட்ஜ் குளிரில் இன்னும் வேகமாக இறுகும். நடுவில் உறுதியாக இருக்கும்போதே வடித்தால் மறுநாள் ரப்பராகிவிடும். சாலட்டுக்கு மட்டும் பாக்கெட்டில் போட்ட நேரத்துக்கு மேல் ஒன்றிரண்டு நிமிடம் விடவேண்டும். பட்டாம்பூச்சி வடிவத்தில் இன்னொரு தொல்லை: இறக்கை வெந்தாலும் நடுவில் மடித்த முடிச்சு வேகாமல் நிற்கும். ஒன்றை நடுவில் கடித்துப் பாருங்கள், தெரியும். அடுத்த தடவை திருகு வடிவம் வாங்குங்கள், பள்ளத்தில் டிரெஸ்ஸிங்கும் நிற்கும்.

இறுகியது சூடு பட்டால் இளகும். வெள்ளரி, தக்காளியை முடிந்தவரை தனியே பொறுக்கி எடுத்துவிட்டு, பாஸ்தாவை மட்டும் கொஞ்சம் கொஞ்சமாக மைக்ரோவேவில் வெதுவெதுப்பாக்குங்கள், கொதிக்கவிடாதீர்கள். பொறுக்கப் பொறுமை இல்லையென்றால் நாலைந்து ஸ்பூன் வெந்நீர் தெளித்து, உடையாமல் அடியிலிருந்து பிரட்டுங்கள்.

டிரெஸ்ஸிங் எங்கும் போகவில்லை, பாஸ்தா குடித்துவிட்டது. எப்போதுமே குடிக்கும். அதனால்தான் பாதியை முதல் நாள் ஊற்றி, மீதியைப் பரிமாறும்போது ஊற்றுவது. இப்போது புதிதாக எலுமிச்சை, உப்பு, மிளகு, கொஞ்சம் எண்ணெய் அடித்து ஊற்றுங்கள். குளிர்ந்த பண்டத்தில் உப்பும் புளிப்பும் நாக்கில் மட்டமாகத்தான் தெரியும், கை கொஞ்சம் தாராளமாகவே இருக்கலாம்.

மாம்பலம்வாசி
டெக்சாஸா! அப்போது ஜூலை 4, அமெரிக்கச் சுதந்திர தினப் பிக்னிக் என்று சொல்லுங்கள். நான் ஆவின் வெண்ணெய் சேர்க்கச் சொல்லி டைப் அடித்துக்கொண்டிருந்தேன்.

இருந்தாலும் ஒன்று கேட்கிறேன். 98 டிகிரி வெயிலில் முப்பது பேருக்கு எதற்குப் பாஸ்தா? புளியோதரை கட்டிப் போயிருந்தால் ஃபிரிட்ஜும் வேண்டாம், இந்த இழையும் வேண்டாம்.

சாம்பார்வாளி
ஆபீஸ் ஆட்கள் வந்தால் புளியோதரையில் வருகிற கடலைப்பருப்பைப் பொறுக்கி ஓரம் வைப்பார்கள். குழந்தைகள் பாஸ்தாதான் கேட்கும். அவரவர் கூட்டத்துக்கு ஏற்ற மாதிரிதான் செய்ய முடியும்.

நளபாகன்
புளியோதரை பற்றிப் பேசுமுன் ஒரு விஷயம். சைவம் என்கிறார், சீஸ் என்கிறார். என்ன சீஸ்?

அவசரக்கரண்டி
துருவிய பார்மெசான், பச்சை டப்பா.

நளபாகன்
இதைத்தான் எதிர்பார்த்தேன். இத்தாலியின் அசல் பார்மிஜானோ ரெஜ்ஜானோவில் பாலைத் திரிக்கக் கன்றுக்குட்டியின் இரைப்பையிலிருந்து எடுக்கும் ரென்னெட்டைத்தான் சேர்க்கவேண்டும், விதியே அப்படி. சைவர்களுக்கு அதை எப்படிப் பரிமாறுவீர்கள்?

பச்சைப்பட்டாணி
ஐயையோ, நான் பீட்ஸாவில் இதுவரை தின்றதெல்லாம்?

சாம்பார்வாளி
பயமுறுத்தாதீர்கள். அமெரிக்கக் கடையில் 'பார்மெசான்' என்று விற்பதெல்லாம் இத்தாலிச் சரக்கு இல்லை. நுண்ணுயிரியிலிருந்து எடுத்த ரென்னெட்டில் செய்வதும் நிறைய. டப்பாவின் பின்பக்கம் பொருள் பட்டியலைப் படித்தால் தெரியும். வெறும் 'என்சைம்' என்று மட்டும் போட்டிருந்தால் எதையும் உறுதியாகச் சொல்ல முடியாது, வேறு டப்பா வாங்கிவிடலாம்.

நளபாகன்
பட்டியலைப் படிக்கிற பழக்கம் இருந்திருந்தால் பாக்கெட்டில் வேகவைக்கும் நேரத்தையும் படித்திருப்பார்.

ஸ்கார்பரோ அக்கா
அவர் பூஞ்சையா என்று கேட்டு வந்த பிள்ளை. கொஞ்சம் மெதுவாய்க் கதையுங்கோ.

மாம்பலம்வாசி
புளியோதரையில் ரென்னெட் கிடையாது.

கத்தரிவத்தல்
எல்லோரும் சீஸில் இறங்கிவிட்டீர்கள். அவசரக்கரண்டி, முக்கியமான கேள்விக்கு இன்னும் பதில் இல்லை. பாஸ்தா வெந்த பிறகு ஃபிரிட்ஜுக்குள் போக எவ்வளவு நேரம் ஆனது? மயோனைஸையே எல்லோரும் குறை சொல்வார்கள், ஆனால் வெந்த பாஸ்தாவிலும் சோற்றிலும் வெளியே கிடந்தால் பேசில்லஸ் செரியஸ் என்ற கிருமி வளரும். அது விடுகிற நஞ்சு மறுபடி சூடாக்கினாலும் போகாது. இரண்டு மணி நேரத்துக்கு மேல் வெளியே இருந்திருந்தால் திட்டு, விறைப்பு எதையும் பார்க்காமல் கொட்டிவிடுங்கள்.

அவசரக்கரண்டி
ஒரு மணிக்குள் உள்ளே போய்விட்டது.

கத்தரிவத்தல்
அப்படியென்றால் பயமில்லை. பார்க்கிலும் இதே கணக்குதான். அமெரிக்க வேளாண் துறை சொல்வது: வெளியே 2 மணி நேரம், 90 டிகிரி பாரன்ஹீட்டுக்கு மேல் போனால் 1 மணி நேரம். உங்களுக்கு 98. பெரிய தட்டில் ஐஸ் கொட்டி அதன்மேல் பாத்திரத்தை வையுங்கள். நாலு பாக்கெட்டையும் ஒரேயடியாகத் திறந்து வைக்காமல் பாதியை ஐஸ் பெட்டியிலேயே விட்டு, தீரத் தீர எடுங்கள். 454 கிராம் பாக்கெட் துணைப் பண்டமாக எட்டு பேருக்காவது வரும், உங்களுக்கு மிச்சமே ஆகும். பொறுக்கி எடுத்த வெள்ளரியும் தக்காளியும் கிளம்பும் முன் கலந்தால் போதும். வெள்ளரியில் உப்புத் தூவிக் கால் மணி வைத்துத் தண்ணீரைப் பிழிந்துவிடுங்கள், இல்லாவிட்டால் அடியில் குளம் கட்டும்.

பச்சைப்பட்டாணி
சோளம் பற்றி யாரும் பேசவில்லையே. டப்பாச் சோளத்தை வடிகட்டாமல் போட்டாலும் இப்படி ஒட்டும் என்று எங்கோ படித்தேன்.

சாம்பார்வாளி
எங்கே படித்தீர்கள்?

பச்சைப்பட்டாணி
நினைவில்லை.

நளபாகன்
அதைத்தான் தேடல் பெட்டி என்கிறேன்.

ஸ்கார்பரோ அக்கா
தம்பி, இருபது நிமிடம் கழிந்திருக்குமே. வெள்ளை கரைஞ்சதோ?

மாம்பலம்வாசி
ஆளைக் காணோம். கிளம்பியிருப்பார்.

அவசரக்கரண்டி (மறுநாள்)
கரைந்துவிட்டது அக்கா. வெந்நீர் தெளித்தேன், பரவாயில்லாமல் வந்தது. ஒரு டப்பா மிச்சம். எல்லோருக்கும் நன்றி.

கத்தரிவத்தல்
நல்லது. வெந்நீர் எவ்வளவு பிடித்தது? நாலு பாக்கெட்டுக்கு எனக்கும் அளவு தெரிந்தால் உதவும்.

நளபாகன்
சீஸ் டப்பாவின் பின்பக்கம் என்ன போட்டிருந்தது?

நளபாகன்
கேட்டேனே?