சப்பாத்திக்கள்ளிப் பழம் தின்று மாட்டிக்கொண்டவர்கள் எழுதுங்கள்

கம்மாய்க்கரை:
அஞ்சாம் வகுப்பு முழுப்பரீட்சை லீவு. ஆடு பத்தப் போன இடத்தில் பத்துப் பன்னிரண்டு பழம் தின்றிருப்பேன். சாயங்காலம் ஒன்றுக்குப் போனால் செக்கச்செவேல் என்று வருகிறது. நான் கத்திய கத்தலில் ஓடிவந்த அம்மா, பார்த்ததும் மண்ணிலேயே உட்கார்ந்துவிட்டார். கடைசி பஸ்ஸைப் பிடித்து டவுனுக்குப் போனோம். டாக்டர் என் விரலைப் பிடித்து நகக்கண்ணில் ஒட்டியிருந்த சாயத்தைப் பார்த்தார். "நாகதாளிப் பழமா?" என்றார். நான் தலையாட்டினேன். அம்மா அப்போதுதான் அழ ஆரம்பித்தார். அந்த முகம் இன்னும் கண்ணிலேயே நிற்கிறது.

வேலியோரம்:
எனக்கு முள். மண்ணில் நன்றாகப் புரட்டித் தேய்த்த பிறகுதான் கடித்தேன். அப்படியும் சுணை முள் நாக்கில் ஏறிவிட்டது. பாட்டி வெயிலில் உட்காரவைத்து, முந்தானையால் நாக்கைப் பிடித்து ஒவ்வொன்றாக எடுத்தார். ஆனாலும் சத்தான பழம். அந்தச் சிவப்பே இரும்புச்சத்துதான், சோகைக்கு தினமும் ஜூஸ் குடிக்கலாம்.

தேனிக்காரி:
வேலியோரம், இதைத் தயவுசெய்து எழுதாதீர்கள். அந்தச் சிவப்பு இரும்பு இல்லை. பீட்ரூட்டில் இருக்கிற அதே பீட்டாலைன் சாயம். கம்மாய்க்கரைக்குச் சிறுநீரில் வந்ததும் அதுதான். அமெரிக்க வேளாண்மைத் துறை அட்டவணையில் 100 கிராம் பழத்துக்கு இரும்பு வெறும் 0.3 மில்லிகிராம். தண்ணீரே 87 கிராமுக்கு மேல். நிஜமாகவே நிறைய இருப்பது மக்னீசியம், 85 மில்லிகிராம். வாழைப்பழத்தைப் போல மூன்று மடங்கு. நார்ச்சத்து 3.6 கிராம், வைட்டமின் சி 14 மில்லிகிராம். நம் வேலியோரக் கள்ளியில் கொஞ்சம் கூடக்குறைய இருக்கலாம், அதற்காக இரும்பு மலையாகக் குவிந்துவிடாது.

என் அண்ணி ஆறாம் மாதத்தில் சத்து மாத்திரையை நிறுத்திவிட்டு, யாரோ விற்ற கள்ளிப்பழ ஜூஸைக் குடித்தார். அடுத்த செக்கப்பில் ஹீமோகுளோபின் வெறும் 7.8. "சிவப்பாத்தானே இருந்துச்சு" என்று அவர் கேட்டபோது யாருக்கும் பதில் வரவில்லை.

பழத்தைத் தின்னுங்கள், வேண்டாம் என்று சொல்லவில்லை. மாத்திரை போடுகிறவர்கள் மாத்திரையை விடாதீர்கள். குழந்தைகளுக்கு ஒன்றிரண்டு போதும், விதையோடு நிறையத் தின்றால் மலம் இறுகிப் படாதபாடு படுவார்கள். உள்ளே இருக்கிற தொண்டை முள்ளை எடுத்துவிட்டுக் கொடுங்கள். அப்புறம், சிவப்பாகப் போகும் என்று வீட்டில் முன்கூட்டியே சொல்லிவையுங்கள். பழமே தின்னாதபோது அப்படிப் போனால் உடனே டாக்டரிடம் போக வேண்டும்.

வேலியோரம்:
சரிங்க, தெரியாமல் எழுதிவிட்டேன். சித்தி மகளுக்குப் போன வாரம் நான்தான் ரெண்டு பாட்டில் வாங்கிக் கொடுத்தேன். இப்போதே போன் போடுகிறேன்.