ராத்திரியில் சத்தம் போடாத பிளஷ் டேங்க் வால்வ் எது?

ஆனையூர் வீடு:
மாடி பாத்ரூமில் பிளஷ் டேங்க் நிரம்பும்போது உஸ்ஸென்று சத்தம், நிரம்பி முடிகிற நேரத்தில் அதுவே விசிலாக மாறி இழுத்துக்கொண்டே கிடக்கிறது, பக்கத்து ரூமில் அம்மா முழித்துக்கொள்கிறார்கள். உள்ளே இருப்பது நீளக் கம்பியில் பந்து மாட்டின பழைய மாடல். தண்ணீர் போர் தண்ணீர், வாளி விளிம்பிலேயே வெள்ளையாக உப்புப் படியும். கடையில் கேட்டால் எல்லாமே நல்ல அயிட்டம்தான் என்கிறார்கள். விலை கூடினாலும் பரவாயில்லை, எதை வாங்கலாம்? இன்னொன்று, யாரும் தொடாமலே நடுராத்திரியில் தானாகத் தண்ணீர் பிடிக்கிறது, அதுவும் இந்த வால்வ் வேலைதானா?

வில்லாபுரம் வாசி:
தானாகப் பிடிப்பது பெரும்பாலும் அடியில் இருக்கிற வாஷர் கசிவு. டேங்க்கில் கொஞ்சம் சொட்டு நீலம் விட்டு அரை மணி நேரம் பிளஷ் பண்ணாமல் விடுங்கள். டாய்லெட் பேசினில் நீலம் இறங்கினால் வாஷர்தான். அதை விட்டுவிட்டு எந்த வால்வ் மாட்டினாலும் ராத்திரி சத்தம் கேட்கத்தான் செய்யும்.

பைப் வேலை:
பந்து மாடலில் பந்து ஏற ஏற வால்வ் கொஞ்சம் கொஞ்சமாக மூடும், அந்தச் சின்ன இடுக்கில் தண்ணீர் பீய்ச்சும்போது வருவதுதான் உங்கள் விசில். நட்டுக்குத்தலான குழாயைச் சுற்றி மிதவை ஏறி இறங்குகிற மாடல் வாங்குங்கள், அது கடைசி வரை நன்றாகத் திறந்திருந்து பட்டென்று மூடிவிடும். தண்ணீர் மேலேயிருந்து கொட்டாமல் குழாய் வழியாக டேங்க் அடியில் போய் விழுகிற மாதிரி இருக்க வேண்டும், பாதிச் சத்தம் அதிலேயே போய்விடும்.

ஆனால் நம்ம ஊர் வீடுகளில் பிரச்சினை பிரஷர். 10 மீட்டர் உயரத்துக்குத்தான் சுமார் 1 பார் கிடைக்கும், மொட்டை மாடி சின்டெக்ஸிலிருந்து மாடி பாத்ரூமுக்கு இரண்டு மூன்று மீட்டர் இறங்கினால் 0.2, 0.3 பார்தான். அட்டையில் குறைந்தபட்சம் 0.5 பார் என்று போட்டிருந்தால் எவ்வளவு பெரிய கம்பெனியாக இருந்தாலும் வேண்டாம், நிரம்பவே யுகம் ஆகும், சரியாக மூடாமலும் போகலாம். பிரஷர் பம்ப் வைத்த வீடு என்றால் கதை வேறு, அங்கே ஆங்கிள் காக்கை, அதாவது டேங்க்குக்குத் தண்ணீர் விடுகிற சுவர்க் குழாயை, கொஞ்சம் திருகிக் குறைத்தாலே சத்தம் அடங்கும்.

திருநகர் அக்கா:
உப்புத் தண்ணீருக்கு நான் பார்ப்பது இரண்டுதான். தண்ணீர் நுழைகிற இடத்தில் வலை இருக்கிறதா, மேல் மூடியைக் கழற்றி வாஷரை மட்டும் மாற்ற முடிகிறதா. அந்த வாஷர் தனியாகக் கிடைக்குமா என்று கேட்டுவிட்டுப் பணம் கொடுங்கள். உப்பு அடைத்தால் வினிகரில் ஊறப் போட்டுக் கழுவலாம், ஆசிட் மட்டும் ஊற்ற வேண்டாம், ரப்பர் கெட்டுவிடும். அப்புறம், தண்ணீர் பக்கத்திலிருந்து வருகிறதா அடியிலிருந்து வருகிறதா என்று பார்த்துவிட்டுப் போங்கள், பழைய வால்வைக் கழற்றிக் கையோடு கொண்டுபோனால் இன்னும் நல்லது.

ஆனையூர் வீடு:
நீலம் நன்றாகவே இறங்கியிருக்கிறது! பம்ப் கிடையாது, சின்டெக்ஸ் நேர் மேலேதான். வாஷரையும் வால்வையும் சேர்த்தே மாற்றச் சொல்கிறேன்.

பைப் வேலை:
சரிங்க. மாட்டும்போது பிளாஸ்டிக் நட்டை ஸ்பேனர் போட்டு முறுக்க விடாதீர்கள், கை இறுக்கமும் அதற்கு மேல் கால் சுற்றும் போதும். தண்ணீர் மட்டம் ஓவர்ஃப்ளோ குழாய்க்கு ஒரு இஞ்ச் கீழே நிற்கிறதா என்று பிளம்பர் கிளம்புவதற்கு முன்னாலேயே பார்த்துவிடுங்கள்.