வடக்கு வீதிக் குடும்பம் (வாட்ஸ்அப் குழு)

ராமு சித்தப்பா: காலையில் கரண்ட் போய் வந்ததிலிருந்து லேப்டாப்பில் நெட் வரவில்லை. ஃபோனில் எல்லாம் வருகிறது. ஆடிட்டர் ஃபார்ம் 16 எங்கே என்று கேட்டுக்கொண்டே இருக்கிறார். யாராவது சொல்லுங்களேன்.

விஜயா அத்தை: மோடத்தை அணைத்துப் போடுடா ராமு. எங்கள் வீட்டில் அதற்கே சரியாகிவிடும்.

ராமு சித்தப்பா: போட்டாயிற்று அக்கா. விளக்கெல்லாம் பச்சையாகத்தான் எரிகிறது.

கார்த்திக்: ஏரோபிளேன் மோட் ஆன் ஆகியிருக்கிறதா பாருங்கள் சித்தப்பா. மேல் வரிசையில் விமானப் படம் போட்ட கீ இருக்கும், தெரியாமல் கை பட்டிருக்கும்.

ராமு சித்தப்பா: இல்லையே. வைஃபை பட்டியல் வருகிறது. மாடி வீடு, எதிர் வீடு, மெடிக்கல் ஷாப் எல்லாம் இருக்கிறது. நம் வீட்டுப் பெயரை மட்டும் காணோம்.

அபி: இதைத்தான் கேட்க நினைத்தேன். பெயர் தெரிந்து பாஸ்வேர்டு ஏற்காவிட்டால் அது ஒரு கோளாறு. சேர்ந்த பிறகு 'நோ இன்டர்நெட்' என்றால் அது வேறு. பெயரே வரவில்லை என்றால் ஐபி, டிஎன்எஸ் மாதிரி நெட் செட்டிங் எதையும் நோண்ட வேண்டாம்.

கார்த்திக்: வைஃபையை இயக்கும் டிரைவர் சாஃப்ட்வேரை எடுத்துவிட்டுத் திரும்பப் போடலாமா?

அபி: மற்ற வீட்டு வைஃபை பெயரெல்லாம் வருகிறதே அண்ணா, டிரைவர் என்ன பாவம் செய்தது? சித்தப்பா, ஃபோனில் ஹாட்ஸ்பாட் போட்டு லேப்டாப்பை அதில் சேர்த்துப் பாருங்கள்.

ராமு சித்தப்பா: இரும்மா. நெட் பையனுக்குப் போன் போட்டேன். ரூட்டர் பின்னால் சின்ன ஓட்டை இருக்குமாம், குண்டூசியால் அழுத்திப் பிடிக்கச் சொல்கிறான். அழுத்தட்டுமா?

அபி: வேண்டவே வேண்டாம்! அது ரீசெட். இணைப்புக்காக உள்ளே போட்டு வைத்த யூசர்நேம், பாஸ்வேர்டு எல்லாம் போய்விடும். அப்புறம் ஃபோனிலும் நெட் இருக்காது. அந்தப் பையனே நேரில் வந்துதான் போட்டுத் தரவேண்டும்.

விஜயா அத்தை: அவன் நாளைக்கு என்பான். அவன் நாளை என்றைக்கு வரும் என்று அவனுக்கே தெரியாது.

ராமு சித்தப்பா: ஊசியைக் கீழே வைத்துவிட்டேன். ஹாட்ஸ்பாட்டில் சேர்ந்துவிட்டது!

அபி: அப்படியானால் லேப்டாப் நன்றாகத்தான் இருக்கிறது. முதலில் ஆடிட்டருக்கு அனுப்பிவிடுங்கள். ரூட்டரைப் பிறகு பார்ப்போம்.

ராமு சித்தப்பா: அனுப்பியாயிற்று. இப்போது?

அபி: ஹாட்ஸ்பாட்டை அணைத்துவிட்டு ஃபோனை வீட்டு வைஃபையில் சேருங்கள். வைஃபை பெயர் பக்கத்தில் பல்சக்கரம் மாதிரி இருக்கும். அதைத் தொட்டால் வைஃபை ஓடும் அலைவரிசை 2.4 ஜிகாஹெர்ட்ஸா 5 ஆ என்று தெரியும்.

ராமு சித்தப்பா: 2.4.

அபி: 5 மட்டும் ஓடினால் சில பழைய லேப்டாப்புக்குத் தெரியாது. இது அந்தக் கதை இல்லை. லேப்டாப் அருண் அண்ணா அமெரிக்காவிலிருந்து கொண்டுவந்ததுதானே?

ராமு சித்தப்பா: ஆமாம், நியூஜெர்சியில் வாங்கியது.

அபி: சரி, ஒரு சந்தேகம் இருக்கிறது. ஃபோன் குரோமில் 192.168.1.1 என்று அடியுங்கள். யூசர்நேமும் பாஸ்வேர்டும் ரூட்டர் அடியில் ஸ்டிக்கரில் இருக்கும்.

ராமு சித்தப்பா: 📷 புகைப்படம்

கார்த்திக்: ஐயோ, அதைக் குழுவில் போடாதீர்கள்! 'எல்லோருக்கும் அழி' கொடுங்கள்.

ராமு சித்தப்பா: 🚫 இந்தச் செய்தி நீக்கப்பட்டது

விஜயா அத்தை: எனக்கு ஒன்றும் தெரியவில்லை, ஒரே தூசி.

அபி: உள்ளே போனதும் வயர்லெஸ் பகுதியில் சேனல் என்று ஒரு வரி இருக்கும். அந்த அலைவரிசைக்குள் ரூட்டர் எந்தத் தடத்தில் ஓடுகிறது என்பதுதான் அது.

ராமு சித்தப்பா: ஆட்டோ என்று இருக்கிறது. பக்கத்தில் 13.

அபி: அதுதான்! 2.4-இல் நம் ஊரில் 1 முதல் 13 வரை சேனல் உண்டு. அமெரிக்காவில் 11 வரைதான் புழக்கம். அங்கே விற்கும் லேப்டாப் பலவும் 12, 13 பக்கம் திரும்பியே பார்க்காது. ஃபோன் இங்கே வாங்கியது, அதனால் பிரச்சினை இல்லை. இத்தனை நாள் வேறு சேனலில் ஓடியிருக்கும். கரண்ட் வந்ததும் ரூட்டர் ஆட்டோவில் நெரிசல் இல்லாத இடம் தேடி 13-இல் போய் உட்கார்ந்துவிட்டது.

விஜயா அத்தை: அமெரிக்க மாப்பிள்ளைக்குக் கடைசிப் பந்தி கண்ணில் படாத மாதிரி.

கார்த்திக்: 😂 அருண் எழுந்ததும் இதைப் பார்ப்பான் அத்தை.

அபி: ஆட்டோவை மாற்றி 1, 6, 11 மூன்றில் ஒன்றை வையுங்கள், அவை ஒன்றோடொன்று மோதாது. சேவ் கொடுத்ததும் ஃபோனில் நெட் கொஞ்சம் அறுந்து வரும், பயப்படாதீர்கள்.

ராமு சித்தப்பா: 6 வைத்தேன்... வந்துவிட்டது! பட்டியலில் முதல் பெயரே நம்முடையதுதான்.

அபி: திரும்ப ஆட்டோவில் விடாதீர்கள். அடுத்த கரண்ட் கட்டுக்கு மறுபடி ஓடிவிடும்.

கார்த்திக்: அப்படியே அந்த ஸ்டிக்கர் பாஸ்வேர்டையும் மாற்றிவிடுங்கள் சித்தப்பா.

ராமு சித்தப்பா: மாற்றுகிறேன்ப்பா. ஆடிட்டர் இப்போது பேங்க் வட்டி சர்டிஃபிகேட் கேட்கிறார். அது எந்த வெப்சைட்டில் கிடைக்கும்?