மளிகைப் பையா, சமையல் வகுப்பா?

செந்தூல் செல்வி:
எங்கள் பிபிஆர் (அரசின் மலிவு வீடமைப்பு) அடுக்குமாடியில் நன்கொடைப் பணம் கொஞ்சம் சேர்ந்திருக்கிறது. வழக்கம்போல மளிகைப் பை கொடுக்கலாம் என்கிறார்கள் பாதிப் பேர். நான் சமையல் வகுப்பு நடத்தலாம் என்கிறேன். அதற்குக் காரணம் நாலாவது மாடிப் பாட்டி. எட்டு மாதப் பேரனுக்கு டின்பாலைத் தண்ணீரில் கரைத்துப் போத்தலில் கொடுத்துக்கொண்டிருந்தார். அது பாலே இல்லை, கிரீமர். சீனியும் பாமாயிலும்தான் அதிகம். கைக்குழந்தைக்கு ஆகாது என்று டின்னிலேயே மலாயில் போட்டிருக்கிறது. தோட்டத்தில் வளர்ந்த பாட்டிக்கு மலாய் பேச வரும், படிக்க வராது. அந்த டின் எங்கிருந்து வந்தது தெரியுமா? நாம் கொடுத்த பையிலிருந்து.

பந்தாய் குமார்:
அக்கா, கோபிக்காதீர்கள். 2018-இல் யுனிசெப் கோலாலம்பூரின் மலிவு விலை அடுக்குமாடிகளில் ஆய்வு செய்தது. ஐந்து வயதுக்குட்பட்ட பிள்ளைகளில் 22 விழுக்காட்டினருக்கு வயதுக்கேற்ற உயரம் இல்லை. பிள்ளைகளுக்குச் சத்தாகச் சமைத்துப் போட விலை இடம் கொடுக்கவில்லை என்று 97 விழுக்காட்டுக் குடும்பங்கள் சொன்னார்கள். என் அம்மா பன்னிரண்டு மணி நேரம் செக்யூரிட்டி வேலை பார்த்தார். வீட்டுக்கு வந்தால் எங்களுக்கு மேகிதான். அவர் வைக்கும் முருங்கைக்கீரைக் குழம்புக்கு ஈடே கிடையாது. தெரியாமலா மேகி போட்டார்?

செந்தூல் செல்வி:
விலை உண்மைதான், தம்பி. ஆனால் அதே ஆய்வில் 23 விழுக்காட்டுப் பிள்ளைகள் அளவுக்கு மீறிய எடையோடும் இருந்தார்கள். கையில் இருக்கிற காசு எதற்குப் போகிறது என்பதையும் பார்க்க வேண்டும்.

பழைய கிள்ளான் சாலை அண்ணன்:
எனக்கு வயது 61, இனிப்புநீர் (நீரிழிவு) இருக்கிறது. 2019 தேசிய சுகாதார ஆய்வின்படி மலேசிய இந்தியப் பெரியவர்களில் 31.4 விழுக்காட்டினருக்கு இதே நோய். கிளினிக்கில் ‘சூக்கு சூக்கு செப்பாரோ’ (கால், கால், பாதி) என்று ஒரு தாள் கொடுத்தார்கள்: தட்டில் கால் பங்கு சோறு, கால் பங்கு மீனோ கோழியோ, பாதி காய்கறி, பழம். நாம் சோற்றைக் கொட்டிக் குழம்பை ஊற்றிப் பிசைகிறவர்கள். இதில் கால் எது, பாதி எது? யாராவது என் தட்டிலேயே ஒருமுறை போட்டுக் காட்டியிருந்தால் போதும், இரண்டு வருடம் வீணாகியிருக்காது.

பந்தாய் குமார்:
அண்ணே, உங்களுக்கு அது சரி. ஆனால் சனிக்கிழமை காலை பத்து மணிக்கு வகுப்பு வைத்தால் இரவு ஷிப்ட் முடித்துத் தூங்குகிறவர் எப்படி வருவார்? வருகிறவர்களுக்கு ஓட்ஸும் சால்மனும் செய்து காட்டினால் என்ன பயன்? கெம்போங் மீன், தெம்பே (புளிக்கவைத்த சோயாக் கட்டி), கங்கோங் கீரை, பருப்பு. ஒரே அடுப்பு, அரை மணி நேரம். அப்படியென்றால் பேசலாம்.

செந்தூல் செல்வி:
ஒத்துக்கொள்கிறேன். இரவு எட்டு மணிக்கு வைப்போம். பிள்ளைகளும் வரட்டும். அம்மா வேலைக்குப் போன வீட்டில் தம்பிக்கு முட்டை பொரித்துக் கொடுப்பது பத்து வயது அக்காதானே. அன்றைக்குச் சமைக்கிற சாமானை வீட்டுக்கும் கொடுத்தனுப்புவோம்.

பந்தாய் குமார்:
அதற்கும் இதே பணம்தானே, அக்கா? பையை நிறுத்திவிட்டு வகுப்பு என்றால் என் ஓட்டு கிடையாது. மாதக் கடைசியில் அந்தப் பைக்காகக் காத்திருந்த வீடு எங்களுடையது. டின்னை எடுத்துவிட்டு முட்டையும் பருப்பும் வையுங்கள். அதை நாளைக்கே செய்யலாம்.

பழைய கிள்ளான் சாலை அண்ணன்:
பையில் டின் இல்லையென்றால் பாட்டி கீழே இருக்கிற கடையில் கடனுக்கு வாங்குவார், தம்பி. அவர் பக்கத்தில் உட்கார்ந்து சொல்ல ஓர் ஆள் வேண்டும்.